நடந்தால் மட்டும் போதாது: முதியவர்கள் விழாமலிருக்க நடுவுடல் பயிற்சியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியவர்களின் உடற்பயிற்சி என்றாலே நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே அறிவுரைதான்: தினமும் அரை மணி நேரம் நடங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடை நல்லது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கீழே விழாமல் காப்பாற்றிக்கொள்ள நடை மட்டும் போதாது. முதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களான நாங்கள் இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள். விழுவதைத் தடுக்க எந்தப் பயிற்சி உதவும் என்று 108 ஆய்வுகளைத் தொகுத்து, 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் விவரங்களை அலசிய அறிக்கை ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்டது. பயிற்சி செய்தவர்கள் விழுந்த தடவைகள் மொத்தத்தில் 23 சதவீதம் குறைந்தன. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம் இந்தக் குறைவு 34 சதவீதம் வரை இருந்தது. நடைப்பயிற்சி மட்டும் செய்தவர்கள் விஷயத்தில் பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை.

காரணம் எளியது. காலையில் பூங்காவில் நடப்பவர் சமதளத்தில், ஒரே வேகத்தில், நேர்க்கோட்டில் போகிறார். விழுவதோ பெரும்பாலும் வேறு சமயங்களில். யாரோ கூப்பிட்டதும் சட்டென்று திரும்பும்போது, நாற்காலியிலிருந்து எழும்போது, பரணில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கும்போது, நிலைப்படியைத் தாண்டும்போது, ஒரு காலைத் தூக்கிப் பேன்ட் மாட்டும்போது, இரவில் அவசரமாகக் கழிவறைக்குப் போகும்போது. இந்த ஒவ்வொரு நேரத்திலும் உடலின் பாரம் பாதத்தின் விளிம்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். திருப்பிக் கொண்டுவருவது காலும் நடுவுடலும் சேர்ந்து செய்யும் வேலை.

நடுவுடல் என்று நாங்கள் சொல்வதைத்தான் உடற்பயிற்சிக் கூடங்களில் ‘கோர்’ என்கிறார்கள். அங்கே அதற்கு வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை தெரிவது என்று பொருளாகிவிட்டது. உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. மேலே மூச்சு விடும் உதரவிதானம், கீழே சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், முன்னாலும் பக்கவாட்டிலும் அகலமான பெல்ட்டைப் போலச் சுற்றியிருக்கும் அடிவயிற்றின் ஆழ்தசை. கையைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்பே இந்த ஆழ்தசை இறுகிவிடும். உடல் தானாகவே தன்னைத் தயார்செய்துகொள்ளும் ஏற்பாடு இது. வயதாக ஆக, நெடுநேரம் உட்கார்ந்தே இருக்க இருக்க, இந்தத் தயாரிப்பு தாமதமாகிறது. கால் தடுக்கியதும் மேலுடல் முன்னால் சரிந்துவிட்டால், எவ்வளவு விரைவாக அடியெடுத்து வைத்தாலும் கால் உடலை எட்டிப் பிடிக்க முடியாது.

‘கோர்’ பயிற்சி என்றதும் பலர் மல்லாந்து படுத்து, தலைக்குப் பின்னால் கைகோர்த்து எழும் ‘சிட்-அப்’ செய்யத் தொடங்குகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களிடம் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்த ஓர் ஆய்வு 1984-இல் வெளியானது. முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி செய்த குழுவில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நொறுங்கல் ஏற்பட்டது. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்த குழுவில் அது 16 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் காரணம் தெளிவாகப் புரிகிறது. முன்னால் வளையும்போது முதுகெலும்பின் முன்பகுதியில் பாரம் குவிகிறது. நொய்ந்த எலும்பு அங்கேதான் ஆப்பு வடிவில் நசுங்கும். எலும்பு தேய்ந்தவர்கள் யோகாசனத்திலும் பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம் போன்ற முன்வளைவுகளைத் தவிர்க்க வேண்டும். குனிந்து எதையாவது எடுக்க நேர்ந்தாலும் முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கிக் குனிய வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். சுவரோடு ஒட்டிப் போட்ட, கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதில் ஆண்கள் 12-க்கும் பெண்கள் 11-க்கும் குறைவாக எழுந்தால் கால்வலு சராசரிக்குக் கீழே. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. 80 முதல் 84 வரை 10, 9. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம். இரண்டாவது சோதனை, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்து, எதையும் பிடிக்காமல் 10 விநாடி நிற்பது. முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல் என்று பொருள். இரண்டுக்கும் பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

சென்ற ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவர்கள், எழுந்து நின்றதும் தலை கிறுகிறுப்பவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், பக்கவாதமோ இடுப்பு அறுவைச் சிகிச்சையோ கண்டவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் மாத்திரைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பயிற்சியை மட்டும் செய்து பயனில்லை. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி பயிற்சிக்கு வருவோம். முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அடிவயிற்றை இறுக்குவது. கெட்டியான மெத்தையில் மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்குங்கள். இடுப்பின் முன்பக்கம் இருபுறமும் துருத்தும் எலும்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி விரல்நுனிகளை வையுங்கள். மெதுவாக இருமினால் விரலுக்கு அடியில் ஏதோ கெட்டிப்படும். அதுதான் அந்தத் தசை. இப்போது இருமாமலேயே, சிறுநீரை அடக்குவது போல் கீழிருந்து மெல்ல இழுத்து, அதே இறுக்கத்தில் கால்வாசி மட்டும் கொண்டுவாருங்கள். வழக்கமான குரலில் ஒன்று முதல் பத்து வரை வாய்விட்டு எண்ண முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். குரல் நெரிந்தால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். இரத்த அழுத்தம் ஏறும். விலா எலும்பு மேலே தூக்கினாலும், வயிறு வெளியே புடைத்தாலும் தவறு. 10 எண்ணிக்கை, 8 முறை. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பெண்களுக்கு இந்தப் பயிற்சியால் அந்தத் தொல்லையும் குறையும். கழிவறைக்கு ஓடுகிற அவசரத்தில் விழுபவர்கள் பலர் என்பதால் இதைச் சிறிய விஷயமாக நாங்கள் நினைப்பதில்லை.

அந்த இறுக்கத்தை விடாமல் ஒரு பாதத்தை நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள், பிறகு மற்றதை. அடிவயிற்றின் மேல் கைப்பேசியைப் படுக்க வைத்துக்கொண்டால் தவறு உடனே தெரியும். கைப்பேசி சாய்ந்தால் இடுப்பு ஆடுகிறது, நடுவுடல் வேலை செய்யவில்லை. இது பழகியபின் இடுப்பைத் தூக்குவது. குதிகாலை அழுத்தி, தோளும் இடுப்பும் முட்டியும் ஒரே சரிவில் வரும் வரை மட்டும் தூக்கி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். பின்தொடை பிடித்துக்கொண்டால் பாதம் தள்ளி இருக்கிறது, கிட்டே கொண்டுவாருங்கள். முதுகு வலித்தால் அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள். தரையில் தவழும் நிலையில் எதிரெதிர்க் கைகாலை நீட்டும் பயிற்சியும் நல்லதுதான். ஆனால் முட்டி தேய்ந்தவர்கள் முட்டி போட முடியாது என்பதால் அவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. மாற்றாக, சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி நின்று, முழங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை ஒரே நேராகச் சாய்ந்து 10 விநாடி நிற்கலாம். சுலபமாகிவிட்டால் ஒரு கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு நிற்கலாம், பின்பு சமையல் மேடையில் கையூன்றிச் செய்யலாம். கட்டைப்பையில் 2 கிலோ அரிசி போட்டு ஒரு கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் 10 மீட்டர் நடந்து, கைமாற்றித் திரும்பி வருவதும் பக்கவாட்டுத் தசைகளுக்கு அருமையான பயிற்சி. கடைக்குப் போய் வரும்போதே செய்துவிடலாம்.

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு, நாற்காலியிலிருந்து எழுவதையே சொல்வோம். இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து, குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். எழ முடியாமல் தவிக்கும் முதியவர்களைக் கவனித்தால் பாதி பேருக்குப் பாதம் முன்னால் நீண்டிருக்கும். அடிவயிற்றை மெல்ல இறுக்கி, முதுகை வளைக்காமல், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயுங்கள். குதிகாலை அழுத்தி எழுந்து, முழுதாக நிமிர்ந்து ஒரு விநாடி நில்லுங்கள். உட்காரும்போது புட்டத்தைப் பின்னால் தள்ளி, 4 எண்ணிக்கொண்டே இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போய்விடும், நொய்ந்த முதுகெலும்புக்கும் கேடு. முட்டிகள் உள்ளே ஒடுங்கினால் கால்களுக்கிடையே ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, அது நசுங்காமல் எழப் பழகலாம். எழவே முடியாதவர்கள் கெட்டியாக மடித்த ஜமக்காளத்தை இருக்கையில் போட்டு உயர்த்திக்கொண்டு தொடங்கி, வாரத்துக்கு ஒரு மடிப்பாகக் குறைக்கலாம். நாற்காலி மரத்தாலோ இரும்பாலோ ஆனதாக, நான்கு காலும் தரையில் படிவதாக இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கிப் போய்விடும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கூடவே, சமையல் மேடையைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்குவது, கால்விரல்களைத் தூக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. ஒவ்வொன்றும் 10 முறை. எளிதானபின் அரை கிலோ மணலைத் துணிப்பையில் தைத்துக் கணுக்காலுக்கு மேல் கட்டிக்கொள்ளலாம்.

சமநிலைக்குப் பயிற்சி செய்யும்போது பலரும் பிழை செய்வது பிடிமானத்தில். கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் ஐந்து நிமிடம் நின்றாலும் உழைப்பது கைதான். கால்களைச் சேர்த்து நிற்பது, ஒரு பாதத்தை அரையடி முன்வைப்பது, நேர்க்கோட்டில் வைப்பது, ஒற்றைக்கால் என்று வரிசையாகப் போகும்போது, ஒவ்வொரு நிலையிலும் முதலில் இரு கை, அடுத்து ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியில் மேடைக்கு மேலே தொடாமல் தயாராக நிற்கும் கை என்று குறைத்துக்கொண்டே வர வேண்டும். லேசாக ஆட்டம் காண வேண்டும். ஆடாவிட்டால் அது பயிற்சியே அல்ல. அடியெடுத்து வைத்தால்தான் நிற்க முடிகிறது என்றால் ஒரு படி பின்வாங்குங்கள். கண்ணை மூடிச் செய்வது எல்லாவற்றிலும் கடினம், தனியாக இருக்கும்போது கூடவே கூடாது. நிற்பது பழகியபின் சுவரோரமாகப் பக்கவாட்டு நடை, பின்னோக்கிய நடை, குதிகாலும் விரலும் தொடும் நேர்க்கோட்டு நடை என்று போகலாம். ‘எட்டு’ போட்டு நடப்பது தமிழ்நாட்டில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லப்படும் நோய் தீர்க்கும் கதைகளை விட்டுவிடுவோம், திரும்பும் பயிற்சி என்ற வகையில் அது சரியானதே. இரு திசையிலும் நடக்க வேண்டும், தலை சுற்றினால் எட்டைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாரத்தில் குறைந்தது 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம். வலுவூட்டும் பயிற்சிகளில் 8 முதல் 12 முறை, இடையில் ஓய்வுவிட்டு 2 சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். ஆறு மாதமாக அதே எடை, அதே எண்ணிக்கை என்றால் உடல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மறுநாள் தசை வலிப்பது இயல்பு, மூட்டு வீங்கினால் பாதியாகக் குறையுங்கள். சாப்பிட்டவுடனும், காலை ஆகாரமில்லாமல் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டும் செய்யாதீர்கள். வீட்டில் வெறுங்காலோடு, தரை காய்ந்திருக்கும்போது செய்யலாம். பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் பின்பட்டை வைத்த செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ள வேண்டும். ஹவாய் செருப்பும் தரையில் புரளும் வேட்டியும் நைட்டியும் வேண்டாம். நிறுத்திவிட்டால் சில மாதங்களில் பலன் கரைந்துவிடும்.

தரையிலிருந்து எழும் முறையையும் விழும் முன்பே பழகிவைக்க வேண்டும். எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பதுதான் பல நேரங்களில் காயத்தைவிடக் கேடு. பாய்மேல் படுத்து, ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உட்கார்ந்து, தலையணையில் முட்டி போட்டு, கட்டில் விளிம்புக்குத் தவழ்ந்து, இரு கைகளையும் அதில் ஊன்றி, வலுவான காலை முன்வைத்து எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். முட்டி போட முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து, முதலில் தாழ்ந்த முக்காலியிலும் பிறகு கட்டிலிலும் ஏறலாம். உண்மையிலேயே விழுந்த நேரத்தில் இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், எழவோ எழுப்பவோ முயலாமல் 108-ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தர முடியும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் முதல் 2 மாதங்களில் 4 முறை வீட்டுக்குப் போய், கால்வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்றுத்தந்தார். 80 வயதைக் கடந்த 233 பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு 1997-இல் வெளியானது. பின்னர் செவிலியர்களுக்குப் பயிற்சி தந்து அவர்கள் மூலமும் நடத்திப் பார்த்தார்கள். எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது விழுதல் சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது படுக்கையில் விழுந்துவிட்டவர்களை. அதே தெருவில் இன்னும் விழாத 70 வயதுக்காரருக்கு 30 விநாடி நாற்காலிச் சோதனை செய்து, நான்கு பயிற்சி கற்றுத்தர கூடுதலாக வேண்டியது ஒரு கைக்கடிகாரமும் அரை மணி நேரமும்தான்.

‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பர் முதல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைந்திருக்கின்றன. அவற்றின் ஓரத்திலும் உள்ளாட்சிப் பூங்காக்களிலும் இடுப்பு உயரத்தில் 5 மீட்டர் நீளக் கைப்பிடிக் கம்பி, அதையொட்டித் தரையில் ஒரு நேர்க்கோடு, 43 சென்டிமீட்டர் உயரத்தில் ஆடாத ஒரு பெஞ்சு, வழுக்காத தரை, இவ்வளவும் போட்டுத்தர வேண்டுகிறோம். இன்று பூங்காக்களில் இருக்கும் திறந்தவெளி ஜிம் கருவிகளில் பல, ஆடும் மிதிகள் கொண்டவை. தள்ளாடும் முதியவர் அதில் ஏறி இறங்குவதே ஆபத்து.

தங்கள் நாளிதழும் இந்தப் பயிற்சிகளைப் படங்களோடு, பெரிய எழுத்தில், வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி வாரம் ஒன்றாக வெளியிட்டால், விளக்கம் எழுதித் தரவும் படத்தில் நிற்கும் நிலை சரியா என்று பார்த்துத் தரவும் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
முதியோர் உடற்பயிற்சியில் பணிபுரியும் இயன்முறை சிகிச்சையாளர்கள்,
மதுரை.